பலகை வீட்டில் எது முதலில் எரியும்?

வணக்கம் நேயர்களே. மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் பழைய தோட்ட வீடுகளைப் பழுதுபார்த்துக் கொடுப்பது என் தொழில். "அண்ணே, தூணுக்குத் தீத்தடுப்புச் சாயம் அடிக்கணுமா?" என்று பலர் கேட்பார்கள். நான் முதலில் அண்ணாந்து சீலிங் பிளைவுட்டைத்தான் பார்ப்பேன்.

பருத்த மரம் லேசில் விழாது. 300 டிகிரி வாக்கில் மேற்புறம் கரியாகும். அந்தக் கரியே உள்ளே சூடு போகாமல் தடுக்கும். நன்றாகப் பிடித்த தீயிலும் மென்மரம் நிமிடத்துக்கு 0.65 முதல் 0.8 மில்லிமீட்டர்தான் கரியும். பாலாவ் போன்ற கனமரம் இன்னும் மெதுவாக. அரை மணி எரிந்த பிறகும் ஆறு அங்குலத் தூணின் நடுவில் நல்ல மரம் மிஞ்சும். இரும்பு எரியாது, சரி. ஆனால் 600 டிகிரியில் பாதிக்கும் மேல் பலம் போய் வளைந்துவிடும்.

மெல்லிய பிளைவுட்டுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. 3 மில்லிமீட்டர் தகட்டில் சூட்டை வாங்கிக்கொள்ள உள்மரம் ஏது? நம் வீடுகளில் அறைத் தடுப்பு, சீலிங், சாமி மேடை எல்லாம் அதுதான். சாமி விளக்குக்கு நேர் மேலே இருக்கும் தட்டின் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். புகைக்கரி போய்விடும். போகாத பழுப்பு இருந்தால், மரமே வெந்திருக்கிறது.

மரத்தில் தீ பரவாமல் தடுக்க மருந்துகளும் இருக்கின்றன. அம்மோனியம் பாஸ்பேட் ஏற்றிய மரம் குறைந்த சூட்டிலேயே கரியாகிவிடும். முரணாகத் தோன்றும், ஆனால் கரி கூடினால் எரியும் வாயு குறையும், தீ பரவாது. போராக்ஸ் உருகிக் கண்ணாடிபோல் மூடிக்கொள்ளும். இந்த இரண்டையும் துணிக்குப் பயன்படுத்தலாம் என்று பிரான்சின் வேதியியலாளர் கே-லுசாக் 1821-லேயே காட்டிவிட்டார்.

ஆலையில் பால்மர (ரப்பர் மர) பலகைக்கும் போராக்ஸ் போன்ற போரான் உப்பு ஏற்றுகிறார்கள். அது பூச்சிக்கும் பூஞ்சைக்கும். தீயைத் தடுக்க அதைவிடப் பல மடங்கு வேண்டும். பிரஷ்ஷால் கரைசல் பூசினால் ஆழமாக இறங்காது. ஆலையில் அழுத்தக் கலத்தில் வைத்துத்தான் ஏற்ற வேண்டும். அப்புறம் நம்ம ஊர் மழை! வெளிச்சுவரில் இந்த உப்புகள் கரைந்தோடிவிடும்.

தூணுக்குக் கேட்கிறார்களே தீத்தடுப்புச் சாயம், அதில் வீக்கச் சாயம் என்ற வகை சூட்டில் உப்பி நுரைத்து மரத்தை மூடும். ஆனால் டின்னில் எழுதிய பருமனுக்கு அடிக்க வேண்டும். ஒரு கை அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கையில் இருக்கும் பணம் கொஞ்சம் என்றால், தூணை விடுங்கள். சீலிங் பிளைவுட்டைக் கழற்றி ஜிப்சம் பலகை போடுங்கள். ஜிப்சத்தின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு நீர். அது ஆவியாகித் தீரும்வரை பலகையின் மறுபக்கம் சூடு அவ்வளவாக ஏறாது.