சாய்ந்து நிற்கும் ஜீப்

வணக்கம் நேயர்களே.

நான் பட்டறைக்காரன். துறைமுகத்தில் பாரந்தூக்கிகளின் ஹைட்ரோலிக் வேலையில் தலை நரைத்து ஓய்வு பெற்றவன். மேடைப் பேச்சு எனக்கு வராது. ஆகவே எனக்குத் தெரிந்த ஒன்றையே பேசுகிறேன்: வயதேறிய சொகுசு ஜீப்பின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களின் மேல் வண்டியைத் தாங்கிக் குலுக்கலைக் குறைக்கும் அமைப்பை, வீட்டு முற்றத்தில் வைத்தே புதுப்பிப்பது.

"சொகுசு ஜீப்பா, அது வசதி உள்ளவர்கள் பாடு" என்று வானொலியை அணைத்துவிடாதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். திறந்த பிறகும் வரியைக் கேட்டால் தலை சுற்றுகிறது. இடைப்பட்ட காலத்தில், கொழும்பில் யாரோ ஒரு முதலாளி ஓட்டிச் சலித்த ஜீப்புகள் கைமாறிக் கைமாறி இங்கே திருகோணமலைப் பக்கம் உவர்மலையிலும் உப்புவெளியிலும் நிலாவெளி விடுதி வாசல்களிலும் வந்து நிற்கின்றன. இன்று அவற்றை ஓட்டுகிறவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள். அவற்றில் பல, ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கின்றன.

சாய்வதற்கு நம் ஊர் உப்புக்காற்று ஒரு காரணம். இன்னொரு காரணத்தைப் பலர் மறந்துவிட்டார்கள். 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்றோம். பிறகு கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக வாங்கினோம். டீசலைக் குடிக்கும் பெரிய வண்டிகளை அந்த நாட்களில் யார் எடுத்தார்கள்? மாதக்கணக்கில் கொட்டிலில் கிடந்தன. காற்று இறங்கி, மடிந்த நிலையிலேயே வெக்கையில் காய்ந்த இறப்பர், பிறகு வண்டியை எடுத்து ஓட்டியபோது அந்த மடிப்பிலேயே வெடித்தது.

காற்று என்றேன். இந்த வகை ஜீப்புகளில் பலவற்றுக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் நான்கு காற்றுப் பைகள். ரேஞ்ச் ரோவர் 1992 இலேயே கணினி கட்டுப்படுத்தும் காற்றுச் சஸ்பென்ஷனோடு வந்துவிட்டது. லேண்ட் குரூசர் 100 வரிசையில் சில வண்டிகளில் இருப்பது வேறு ஏற்பாடு. எண்ணெயும் நைதரசன் அடைத்த குண்டுகளும் கொண்டு இயங்குவது. அதற்கு வைத்தியமும் வேறு. அதை இன்று தொடவில்லை.

காற்றுப் பை வண்டியில் ஒரு சிறு கம்பிரசர் வெளிக்காற்றை இழுத்து, ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த குழாய் வழியாக அனுப்பி, ஒரு தாங்கியில் சேமித்து வைக்கிறது. வால்வுப் பெட்டி அதை நான்கு பைகளுக்கும் பகிர்கிறது. ஒவ்வொரு சக்கரத்தருகிலும் உள்ள சென்சர் உயரத்தைச் சொல்கிறது. ஐந்து பேரும் இரண்டு மூட்டை அரிசியும் ஏறினாலும் வண்டி குந்தாமல் நிற்பது இதனால்தான்.

இனி நோயைக் கண்டுபிடிக்கும் கதை. பணம் வீணாவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

என் மருமகன் இப்படி ஒரு ஜீப் வைத்திருக்கிறான். எந்தக் கம்பனி வண்டி என்று சொல்லப் போவதில்லை. பத்து வயது தாண்டிய எந்த வண்டிக்கும் இறப்பர் இறப்பர்தான். ஒரு நாள் காலையில் வந்து, "மாமா, நான்கு பையும் போய்விட்டது. இரவு நிமிர்ந்து நின்றது. இப்போது நான்கு பக்கமும் ஒரே அளவில் வயிறு தரையில் கிடக்கிறது" என்றான். நான்கு பைக்கும் ஒரு கம்பிரசருக்கும் விலை விசாரித்துக்கொண்டு வந்திருந்தான்.

"சஸ்பென்ஷன் பியூஸைக் கழற்றிவிட்டு ஓர் இரவு நிற்பாட்டு, தம்பி. கழற்றுமுன் நான்கு மூலையையும் அள" என்றேன்.

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை நாடாவால் அளந்து, கதவின் உட்புறத்தில் சோக்கால் எழுதிவைத்தோம். மறுநாள் காலையில் முன் இடப்பக்கம் மட்டும் நான்கு விரல் அளவு இறங்கியிருந்தது. மற்ற மூன்றும் வைத்த இடத்தில் நின்றன.

காரணம் இதுதான். இந்த வண்டிகளில் பலவற்றின் கணினி, சாவியை எடுத்த பிறகும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை விழித்து, வண்டி மட்டமாக நிற்கிறதா என்று பார்க்கும். ஒரு மூலை இறங்கியிருந்தால், அந்த நேரத்தில் கம்பிரசரை ஓட்டி ஏற்றாது; மற்ற மூன்றின் காற்றையும் வெளியேற்றி அதன் அளவுக்கு இறக்கிவிடும். ஒரு பையின் குற்றத்தை நான்கின் மேலும் சுமத்துவது அந்தக் கணினிதான். பியூஸைக் கழற்றினால் அது தூங்கிவிடும். உண்மையில் ஒழுகும் மூலை மட்டும் இறங்கும்.

பிறகு பியூஸைப் போட்டு, வண்டியை மேடு பள்ளம் ஓடும் உயரத்துக்கு ஏற்றினோம். அப்போதுதான் பையின் மடிப்பு விரியும். சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் பூசி, டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால், மடிப்பின் உட்பக்கத்தில் கடுகு அளவு குமிழிகள் வரிசையாக எழுந்து உடைகின்றன. வெடிப்பு கண்ணுக்கே தெரியவில்லை. குமிழி காட்டிக்கொடுத்தது. குழாய் வால்வுக்குள் நுழையும் மூட்டுகளிலும் இப்படியே பூசிப் பாருங்கள்; சில வேளை பை நல்லதாக இருக்கும், மூட்டுத்தான் ஒழுகும்.

இவ்வளவு சிறிய ஓட்டை கம்பிரசரைக் கொன்றுவிடும். இழந்த காற்றை நிரப்ப அது ஓயாமல் ஓடி, சூடேறித் தேய்கிறது. ஈரம் உறிஞ்சும் மணிகள் நனைந்து மாவாகி, வால்வுப் பெட்டிக்குள் போய் அடைக்கின்றன. ஒழுக்கை விட்டுவிட்டுப் புதுக் கம்பிரசர் போடுவது, ஓட்டைத் தாங்கிக்குப் பெரிய மோட்டர் பூட்டுகிற வேலை. நம் ஊரில் இந்த வண்டிகளுக்கு அதிகம் வீணாகும் பணம் இதுவென்றே நினைக்கிறேன். உள்ளபடியே கம்பிரசர் தேய்ந்திருந்தால் அதை ஓட்டி நிறுத்தும் மின் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்பிரசரும் நிற்காமல் ஓடிக் கருகும்.

சாமான் வாங்குவது பற்றி ஒரு சொல். கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத பொருள் இல்லை. இரும்பை அங்கே பழையதாக வாங்கலாம். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் இரும்புக் கையான ஆர்ம் வளையவில்லை, துரு தின்னவில்லை என்று பார்த்தால் போதும். இறப்பரைப் பழையதாக வாங்காதீர்கள். ஜப்பானில் கழற்றியது என்றாலும் அதற்கும் உங்கள் பையின் வயதுதான்.

இனிக் கழற்றுவோம். திருகோணமலையில் பாதி முற்றங்கள் மணல். இரண்டரைத் தொன் வண்டியை மணலில் ஜக் வைத்துத் தூக்காதீர்கள். சீமெந்துத் தரை இல்லையென்றால் தடித்த பலகை போடுங்கள். பழைய ரயில் சிலிப்பர் கட்டை கிடைத்தால் இன்னும் நல்லது. ஜக் தூக்குவதற்கு மட்டும். வண்டியைத் தாங்குவது ஸ்டாண்டாக இருக்க வேண்டும். காற்று வண்டியில் இன்னோர் ஆபத்தும் உண்டு. யாராவது கதவைத் திறந்தாலே கணினி விழித்து வண்டியை இறக்கக்கூடும். மட்காட்டுக்கும் டயருக்கும் இடையில் தலையை நீட்டுமுன் பற்றரி கழற்றப்பட்டிருக்க வேண்டும். குழாயைத் தொடுமுன் காற்றை முறைப்படி வெளியேற்றியிருக்க வேண்டும். பிள்ளைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.

பையை மாற்றுவது உண்மையில் சுலபம். சண்டை கீழ் ஆர்மின் போல்ட்டோடுதான். ஆர்மின் நுனியில் பொருத்திய இறப்பர் மூட்டான புஷ்ஷின் நடுவில் உள்ள இரும்புக் குழாயும் அதற்குள் போகும் போல்ட்டும் உப்புக்காற்றில் துருவேறி ஒன்றாகிவிடும். நட் கழன்றுவிடும், போல்ட் அசையாது. முதல்நாள் இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். நெருப்புக் காட்டுவதைத் தவிருங்கள்; பக்கத்திலேயே புதுப் பையின் இறப்பர் இருக்கிறது. ஒருபோதும் மசியாதென்றால் கிரைண்டரால் அறுத்துவிட்டுப் புது போல்ட் போடுவது தோல்வி ஒன்றும் அல்ல. அறுக்குமுன் ஒரு வேலை: சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் வட்டத் தட்டு போல்ட்டில் இருந்தால், அது நின்ற இடத்தைப் பெயின்டால் கோடிட்டுக்கொள்ளுங்கள். இல்லையேல் அலைன்மென்ட் கடைக்கு ஓட்டிப் போவதே பெரும்பாடு.

புஷ்ஷை வீட்டில் சுத்தியலால் அடித்து ஏற்றவேண்டாம். ஆர்மைக் கையில் எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனால், அழுத்தியில் வைத்துத் தேநீர் ஆறுமுன் முடித்துத் தருவார்கள். பழைய புஷ் எந்தத் திசையில் இருந்தது என்று ஆர்மில் கோடு போட்டுக் கொடுங்கள். இறப்பரில் இடைவெளி விட்டுச் செய்த புஷ்களைத் திருப்பி அழுத்தினால் குணமே மாறிவிடும்.

இப்போது, நல்ல கராஜ்களும் அவசரத்தில் விட்டுவிடுகிற இடத்துக்கு வருகிறேன். இந்தப் புஷ்ஷில் இரண்டு இரும்புக் குழாய்களுக்கு நடுவே இறப்பர் ஒட்டப்பட்டிருக்கிறது. அது வழுக்கிச் சுழல்வதில்லை, முறுகுகிறது. சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினால், அந்தத் தொங்கும் நிலையே இறப்பருக்கு ஓய்வு நிலையாகிவிடும். வண்டி தரையில் இறங்கியதும் நிரந்தரமாக முறுகியபடி நிற்கும். விலை கொடுத்து வாங்கிய புஷ் விரைவிலேயே கிழிந்துவிட, "போலிச் சாமான்" என்று கடைக்காரரைத் திட்டுவோம். அதனால் எல்லா போல்ட்டையும் கையிறுக்கமாக விட்டுவைத்து, சக்கரம் பூட்டும் நடுப்பகுதியான ஹப்பின் கீழ் ஜக்கை வைத்து, சக்கர நடுப்புள்ளிக்கும் மட்காட் விளிம்புக்கும் இடையே வண்டியின் சாதாரண உயர அளவு வரும்வரை மெல்லத் தூக்குங்கள். கதவில் சோக்கால் எழுதிய அளவு இங்கே கைகொடுக்கும். அந்த நிலையில்தான் டொர்க் ரென்ச்சால், வண்டியின் கைநூல் சொல்லும் இறுக்கத்துக்கு இறுக்க வேண்டும். மருமகன் பெரிய குழாயை ஸ்பனரில் மாட்டித் தொங்க ஆசைப்பட்டான். விடவில்லை.

புதுப் பையில் காற்று ஏறாமல் வண்டியின் பாரத்தை அதன்மேல் இறக்கக் கூடாது. வெறும் பை தாறுமாறாக மடிந்து, முதல்நாளே கிழியும். வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே காற்றை ஏற்றி, பை உருண்டு வடிவம் எடுத்த பிறகே இறக்குங்கள்.

காற்றே வேண்டாம், இரும்பு ஸ்பிரிங் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. போடலாம். உயரம் மாற்றும் வசதி போகும், பாரம் ஏற்றினால் பின்பக்கம் குந்தும், எச்சரிக்கை விளக்கை அணைக்கத் தனி வேலை இருக்கும். குச்சவெளிக்கும் புல்மோட்டைக்கும் பாரமில்லாமல் ஓடுகிறவருக்கு அது போதும். எனக்கு மனம் வராது.

எல்லாம் பூட்டியபின் கிண்ணியாப் பாலம்வரை ஓட்டிப் பாருங்கள். பாலத்தின் இணைப்புகளில் ஏறும்போது கண்ணாடியை இறக்கிக் காது கொடுங்கள். தளர்ந்த போல்ட் இருந்தால் அங்கே தட்டும். திரும்பி வந்து இறுக்கத்தை மறுபடி சரிபாருங்கள். பிறகு அலைன்மென்ட் கடை. அங்கே கொடுக்கும்போது வண்டி சாதாரண உயரத்தில் நிற்கிறதா என்று நீங்களே பாருங்கள். ஆட்கள் ஏறி இறங்குவதற்காகத் தாழ்த்திய உயரத்தில் வைத்து அளந்தால், சக்கரக் கோணம் அத்தனையும் பிழையாகவே வரும். டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

நன்றி. வணக்கம்.