பழைய கன்வெர்ட்டிபிள் கார் பார்க்கப் போகிறீர்களா? பணத்துக்கு முன் தண்ணீர் பாட்டிலை எடுங்கள்!

[காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, காலை வெளிச்சம்]

கூரையைத் திறந்துவிட்டு, மாலைக் கடற்காற்று முகத்தில் மோத, புதுச்சேரி கடற்கரைச் சாலையில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்ட வேண்டும் என்று கனவு காண்கிறீர்களா? மாலையில் அந்தச் சாலைக்குள் காரே விட மாட்டார்கள்! அது நடப்பவர்களுக்கான நேரம். கவலை வேண்டாம், கிழக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. விடியற்காலையில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டிக் கூரையில்லாமல் போவதற்கு ஈடான பயணம் இந்தப் பக்கத்தில் வேறு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அந்தப் பயணத்துக்கான பழைய கன்வெர்ட்டிபிளை, அதாவது கூரையைத் திறந்து மூடக்கூடிய காரைப் பார்க்கப் போகும்போது, ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். குடிப்பதற்கு அல்ல.

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பழைய கார் சந்தையில் பி.எம்.டபிள்யூ இசட்4, மெர்சிடஸ் எஸ்.எல்.கே., போர்ஷே பாக்ஸ்டர், மினி கன்வெர்ட்டிபிள், ஆடி ஏ3 கேப்ரியோலே ஆகியவை கண்ணில் படும். சிலவற்றின் கூரை துணி, சிலவற்றின் கூரை மடங்கும் உலோகம். அவ்வளவுதான். இப்போது தண்ணீருக்கு வருவோம்.

[காட்சி: வைசியாள் வீதி வீட்டின் முற்றம்]

இந்த முற்றத்தைப் பாருங்கள். கட்டிய கொத்தனார் வானத்தை வீட்டுக்குள் விட்டார். கூடவே மழைநீர் வெளியேற ஒரு தூம்பும் வைத்தார். தூம்பு அடைத்துக்கொண்டால் கூடமே குளமாகிவிடும். கன்வெர்ட்டிபிள் காரும் இப்படித்தான். கூரைத் துணியில் வழியும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு ஓரங்களிலும் உள்ள பள்ளங்களில் இறங்கி, மெல்லிய குழாய்கள் வழியாகக் காருக்கு அடியில் வெளியேற வேண்டும். வேப்பமரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நின்ற காரில் அந்தக் குழாய்க்குள் என்ன இருக்கும்? இலையும் மண்ணும்தான். பிறகு தண்ணீர் எங்கே போகும்?

இங்கேதான் எனக்கு வியப்பு தாங்கவில்லை. 1996இல் வந்த முதல் தலைமுறை பாக்ஸ்டரில், சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பெட்டியை இருக்கைக்கு அடியில், தரையோடு தரையாக வைத்திருக்கிறார்கள்! வடிகால் அடைத்து அந்தப் பெட்டி நனைந்தால், கார் தன் சொந்தச் சாவியையே ஏற்காது. 2002இல் வந்த முதல் இசட்4 காரிலோ, கூரையை இயக்கும் மோட்டாரே தண்ணீர் சேரும் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறது. அது மூழ்கினால் கூரை நின்றுபோகும். மழைநீரில் தொடங்கும் செலவு, இன்ஜின் செலவோடு போட்டி போடும்.

ஆகவே, உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். கூரையைப் பாதி திறந்து நிறுத்தி, ஓரத்துப் பள்ளத்தில் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். சொட்டினால் மகிழ்ச்சி. தேங்கினால் உடனே நிறுத்துங்கள். மறுபக்கத்தையும் சோதியுங்கள். பிறகு மிதியடியைத் தூக்கி, தரை விரிப்பைக் கையால் அழுத்துங்கள். ஈரமோ பூஞ்சை வாடையோ இருந்தால் விற்பவர் சொல்லாத கதையைக் கார் சொல்லிவிடும். அனுமதியே தராத உரிமையாளரிடம் நான் வாங்க மாட்டேன்.

மழை இன்னொரு வழியிலும் வரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. அந்தக் காலத்தில் இந்தப் பகுதியில் நின்ற கார் என்றால், சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். மேலே கழுவித் துடைத்தவர்கள் சுருளுக்குள் இருக்கும் சேற்றுக் கறையை மறந்துவிடுவார்கள்.

உப்புக்காற்றுக்குத் தனிப் பாடம் தேவையில்லை: காரைத் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள போல்ட்டுகளையும் பிரேக் குழாய்களையும் துருப்பிடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வேகத்தடையில் உரசிய தழும்புகளும் அப்போதே தெரிந்துவிடும்.

கூரையை ஒருமுறை இயக்கிக் காட்டினால் திருப்தி அடையாதீர்கள். மூன்று முறை முழுவதுமாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். உலோகக் கூரை கொண்ட எஸ்.எல்.கே., 2009 முதல் 2016 வரை வந்த இசட்4 ஆகியவற்றில் ஒரு சுவையான விஷயம். டிக்கிக்குள் இருக்கும் தடுப்புத் திரையைச் சரியான இடத்தில் இழுத்து மாட்டாவிட்டால் கூரை அசையவே அசையாது! "கூரை வேலை செய்யவில்லை" என்று விலை குறைத்துப் பேசும் காரில் முதலில் அந்தத் திரையைப் பாருங்கள்.

டயரில் பட்டன் தேய்ந்ததா என்பதோடு நிற்காமல், நான்கு இலக்க எண்ணையும் படியுங்கள்: 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் நின்ற காரில் டயர் பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும்.

[காட்சி: முள்ளோடை எல்லை]

கடலூர் நண்பர்களே, இது உங்களுக்கு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதால் விலை உயர்ந்த கார்கள் பி.ஒய். எண்ணுடன் நிறைய விற்பனைக்கு வரும். முள்ளோடையைத் தாண்டி அதை உங்கள் வீட்டில் நிரந்தரமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால், தடையில்லாச் சான்றுக்குப் படிவம் 28, பெயர் மாற்றத்துக்குப் படிவங்கள் 29, 30 தேவை. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். தமிழ்நாட்டு ஆயுள் வரி எவ்வளவு வரும் என்று கடலூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்து, அந்தத் தொகையையும் கூட்டிய பிறகே விலை பேசுங்கள். காரின் மேல் வங்கிக் கடன் இருந்தால், அது தீர்ந்ததற்கான படிவம் 35 கைக்கு வராமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புதுச்சேரி, கடலூர் வட்டாரத்தில் கிழிந்த கூரைத் துணியைச் சரியாகத் தைத்துத் தரும் பட்டறை உங்களுக்குத் தெரியுமா? எந்தக் காருக்கு, எவ்வளவு செலவில், எத்தனை நாளில் செய்து கொடுத்தார்கள் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அந்த வேலையை அருகிலிருந்து படம்பிடித்து அடுத்த வீடியோவில் காட்டுகிறேன்.