நம்பிக் கையெழுத்துப் போட்டது குற்றமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலில் பணம் போட்டு ஏமாந்தவர்கள் என் அலுவலகத்துக்குப் பெரும்பாலும் தனியாக வருவதில்லை. கூடவே ஓர் அண்ணனோ மைத்துனரோ வருவார். பணம் போனவர் வாயைத் திறப்பதற்குள் கூட வந்தவர் முந்திக்கொள்வார்: "கொடுக்கறதுக்கு முன்னாடி நல்லா விசாரிச்சிருக்கலாம் சார்." இவர் தலையைக் குனிந்துகொள்வார். அதைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். ஏனென்றால், இதே வாதம் 1881-லேயே ஒரு நீதிமன்றத்தின் முன் வந்து தோற்றிருக்கிறது.

இங்கிலாந்தில், பர்மிங்காமில், ரெட்கிரேவ் என்று வயதான வழக்கறிஞர் ஒருவர். தன் தொழிலுக்கு ஒரு கூட்டாளி வேண்டும், வருகிறவர் தன் வீட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று விளம்பரம் கொடுத்தார். ஹர்டு என்பவர் வந்தார். ஆண்டுக்கு 300, 400 பவுண்டு வருமானம் என்றார் பெரியவர். ஹர்டு கணக்கைக் கேட்டார். காட்டிய கணக்கில் 200 பவுண்டுகூடத் தேறவில்லை. மீதி எங்கே என்று கேட்டதற்கு, ஒரு கட்டுக் காகிதத்தைக் காட்டி, மற்ற வேலைகளெல்லாம் இதில் இருக்கின்றன என்றார். ஹர்டு அதைப் பிரித்துப் படிக்கவில்லை. 1,600 பவுண்டுக்கு வீட்டை வாங்கச் சம்மதித்து, 100 பவுண்டு முன்பணமும் கொடுத்துவிட்டார். அந்தக் கட்டில் இருந்ததோ ஆண்டுக்கு ஐந்தாறு பவுண்டு பெறுமான வேலைதான்.

உண்மை தெரிந்ததும் ஹர்டு பின்வாங்கினார். வழக்குப் போட்டவர் ரெட்கிரேவ். காகிதம் கண்ணெதிரே இருந்தும் பார்க்காதது உன் தவறு என்று கீழ் நீதிமன்றம் ஹர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் நீதிபதி ஜெசல் அதைப் புரட்டிப் போட்டார். பொய்யான தகவல் சொல்லி ஒருவரை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தவர், "நீ கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்குமே" என்று சொல்லித் தப்ப முடியாது என்றார். ஒப்பந்தம் ரத்தானது. முன்பணம் திரும்பக் கிடைத்தது. நட்ட ஈடு மட்டும் கிடைக்கவில்லை. தெரிந்தே ஏமாற்றினார் என்ற குற்றச்சாட்டை ஹர்டு தரப்பு மனுவில் முறையாக எழுதவில்லை.

சரி, இதை அப்படியே நம் ஊரில் பொருத்தலாமா? முழுக்க முடியாது. நம் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பிரிவு 17 மோசடியைச் சொல்கிறது, அதாவது பொய் என்று தெரிந்தே சொல்வது. பிரிவு 18, தகுந்த ஆதாரம் இல்லாமல், தானும் நம்பிக்கொண்டு தவறாகச் சொல்வது. இரண்டிலுமே பிரிவு 19-இன்படி ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமை ஏமாந்தவருக்கு உண்டு. ஆனால் அதே பிரிவில் ஒரு விதிவிலக்கு வருகிறது. சாதாரண கவனம் வைத்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால் அந்த உரிமை போய்விடும். அந்த மைத்துனரின் கேள்வி இந்த இடத்தில்தான் செல்லும். அதுவும் நல்லெண்ணத்தில் சொன்ன தவறுக்கும், மறைத்து மௌனம் காத்ததற்கும் மட்டும்தான். வாய்விட்டுச் சொன்ன பச்சைப் பொய்க்கு இந்த விதிவிலக்கு கிடையாது. மாதம் இத்தனை லட்சம் விற்பனை என்று போலிக் கணக்கைக் காட்டியவர், "ஆடிட்டரிடம் காட்டியிருக்கலாமே" என்று உங்களைக் கேட்க முடியாது.

இன்னொன்று. "மெஷின் வாங்கப் பணம் வேண்டும்" என்று வாங்கிப் பழைய கடனை அடைத்துவிடுகிறார்கள். கேட்டால், எதிர்காலத்தைப் பற்றிச் சொன்னது எப்படிப் பொய்யாகும் என்பார்கள். 1885-இல் இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் இயக்குநர்கள் இதையேதான் செய்தார்கள், தோற்றார்கள். ஒருவர் மனதில் இருக்கும் எண்ணமும் ஓர் உண்மைதான், அவர் வயிற்றின் செரிமான நிலையைப் போல, என்றார் நீதிபதி போவென். நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் கொடுக்கும் வாக்குறுதியை நம் பிரிவு 17-உம் மோசடி என்றே சொல்கிறது.

பத்திரத்தில் எழுதாத வாய்ப்பேச்சு செல்லுமா என்று எல்லோரும் கேட்பார்கள். மோசடியை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியத்தைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனாலும் பேசிய அன்றைக்கே, "நீங்கள் சொன்னது இதுதானே?" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பிவிடுங்கள். என்றைக்கு, எங்கே, யார், என்ன சொன்னார் என்று விவரமாக மனுவில் எழுத வேண்டும். "ஏமாற்றிவிட்டார்" என்ற ஒற்றை வரி போதாது.

நிறையப் பேர் வழக்கை இழப்பது ஏமாந்த அன்றைக்கு இல்லை, உண்மை தெரிந்த பிறகுதான். பொய் என்று தெரிந்தும், வந்தவரை லாபம் என்று மாதாமாதம் பங்குப் பணத்தை வாங்கிக்கொண்டே இருப்பார்கள். அப்படிச் செய்தால் ஒப்பந்தத்தை நீங்களே ஏற்றுக்கொண்டீர்கள் என்று நீதிமன்றம் கருதக்கூடும். ரத்து கேட்டு வழக்குப் போடக் காலக்கெடு 3 ஆண்டு. அந்தக் கெடு, கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து இல்லை, உண்மை உங்களுக்கு முதலில் தெரிந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும்.

அதனால் என் எதிரே உட்காருபவரிடம் ஏன் விசாரிக்கவில்லை என்று நான் கேட்பதில்லை. "என்றைக்குத் தெரிந்தது? அதற்கப்புறம் என்ன செய்தீர்கள்?" இதைத்தான் முதலில் கேட்பேன்.

வணக்கம்.