சுவர் நேர்தான் துரை!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். எனக்குத் தந்தது ஐந்தே நிமிடம். மாலை மரியாதையெல்லாம் பிறகு.

"மலையகத்தில் ஊரை எழுப்பியது தலைவரின் குரலா, மேசனின் கரண்டியா?" நான் கரண்டி அணி, கொத்தனார் பக்கம். 1948இல் இலங்கை அரசு எங்கள் தோட்டத் தொழிலாளரிடம் பறித்த குடியுரிமையைத் திருப்பி வாங்கியது குரல்தான், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிரணியின் பசறைத் தம்பி உட்காரும்போது ஒரு கல் எறிந்தார்: "மேசன் கட்டின லயத்து வரிசை வீட்டுச் சுவரே கோணல், அவனா ஊரைக் கட்டினான்?" நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய ஆட்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

தம்பி, என் தாத்தா மேசன். தோட்டத்தில் பிள்ளைக் காம்பரா, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளையை விடும் இடம், கட்டும்போது தோட்டத்து மேலாளர் துரை வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "என்ன மேசன், சுவர் கோணல்!" தாத்தா பேசவில்லை. வெற்றிலையைத் துப்பினார். தூக்குக்குண்டை எடுத்துச் சுவரோரம் தொங்கவிட்டார். நூல் ஆடாமல் நின்றது.

"சுவர் நேர்தான் துரை. மலைதான் கோணல்!"

கணக்கப்பிள்ளை இதை லயத்தில் சொன்னபோது வெற்றிலை துரையின் சப்பாத்தில் விழுந்திருந்தது. பாட்டி சொல்லும்போது துரை தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். இன்னும் ஐந்து வருடம் நான் மேடை ஏறினால் காலிலேயே விழுந்துவிடுவார்.

லயத்தில் எங்களுக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பரா, ஒற்றை அறை. அதற்குள் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கலியாணம் கட்டின சித்தப்பா. அந்த அளவைப் போட்டது மேசனா தம்பி? பின்பக்கம் சமைக்க ஒரு குசினி இறக்கக் கேட்டால் தோட்டம் விடாது. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுக்கல்லும் களிமண்ணும் சுமந்து அந்தக் குசினிகளைக் கட்டியது யார்? கூலி, ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணி. சில வீட்டில் சீனியும் இருக்காது.

2014 ஒக்டோபர் 29, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அந்த இடத்தில் கட்டு என்று காட்டியது கரண்டியா? கோணல் எங்கே இருந்தது தம்பி?

கடைசியில் எங்களுக்கும் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்தது. தாத்தாவால் நடக்க முடியாது, கண்ணும் மங்கல். நாற்காலியோடு தூக்கிப் போனோம். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. தூக்குக்குண்டைக் கேட்டார். கொடுத்தேன். கை நடுங்குகிறது, நூல் நிற்கவே இல்லை. அவர் கைமேல் என் கையை வைத்துப் பிடித்தேன். நின்றது.

"நேரா இருக்காடா?"

"இருக்கு தாத்தா."

சுவரைத் தடவினார். "யார் வீடுடா இது?"

நம்ம வீடு என்று சொல்ல எனக்குக் குரல் வரவில்லை. குரல் அணிக்காரர்களே, அன்றைக்கு நீங்கள் கொஞ்சம் கடன் தந்திருக்கலாம்.

கூரை போட மூன்று மாதம் ஆனது. தாத்தாவைக் காம்பராவிலிருந்துதான் தூக்கினோம்.

மணி அடியுங்கள் நடுவர் அவர்களே.