வெள்ளை மணல்ல பட்டுப்புடவை ஷூட்: முகம் ஏன் கறுக்குது, பாதிப் படம் ஏன் இருட்டு?

வணக்கம். முதல் கேள்வி மொரீஷியஸ்ல, ரோஸ் ஹில்ல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. படிச்சுடறேன். “அண்ணா, ஒரு துணிக்கடைக்காகப் பட்டுப்புடவை ஷூட். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரை, காலை பதினோரு மணி. வானம் நல்லா வந்தா மாடல் முகம் கறுத்துடுது. முகத்தைச் சரி பண்ணினா வானமும் கடலும் வெளுத்துடுது. கடன் வாங்கின ஃபிளாஷ் ஒண்ணு வச்சுப் பார்த்தேன், ஷட்டர் வேகம் 1/500 வச்சதும் படத்துல கீழ்ப்பாதிக்கு வெளிச்சமே வரலை. திரும்பவும் ஒரு ஷூட் வருது. கையில இருக்கிற காசுக்கு 70-200 ஜூம் லென்ஸ் வாங்கவா, நல்ல ஃபிளாஷ் வாங்கவா?”

ஃபிளாஷ் வாங்குங்கம்மா. லென்ஸ் இப்ப வேண்டாம். நீங்க சொன்ன மூணு குறையில ஒண்ணைக்கூட 70-200 தீர்க்காது.

முதல்ல முகம் ஏன் கறுக்குதுன்னு பார்ப்போம். வெளிச்சத்தை அளக்கிற கேமரா மீட்டருக்கு முகம் எது, மணல் எதுன்னு பெரிசா அக்கறை கிடையாது. எதைக் காட்டினாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரத்தான் பார்க்கும். நம்ம கடற்கரை மணல் பவளத்தூள், வெள்ளை வெளேர்னு இருக்கும். ஃபிரேம்ல முக்கால்வாசி அந்த வெள்ளையும் வானமும்தான். அதைச் சாம்பலாக்க மீட்டர் எக்ஸ்போஷரை, அதாவது உள்ள விடற வெளிச்சத்தைக் குறைக்குது. மாநிறமான மாடல்னா அவங்க இன்னும் கீழே போயிடறாங்க. அதனால ஷட்டரைக் கேமராவே முடிவு பண்ற அப்பர்ச்சர் பிரயாரிட்டியை ஓரமா வச்சுட்டு, எல்லாத்தையும் நாமே வைக்கிற மானுவலுக்கு வாங்க.

மானுவல்ல ரெண்டு வெளிச்சத்தைத் தனித்தனியா முடிவு பண்ணணும். வெயில் ஒண்ணு, ஃபிளாஷ் ஒண்ணு. ஃபிளாஷை அணைச்சு வச்சுட்டு, முதல்ல வானத்துக்கு மட்டும் எக்ஸ்போஷர் வைங்க. ஐஎஸ்ஓ (சென்சாரோட உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் துவாரம்; எண் கூடினா துவாரம் சின்னது) எஃப் 11. தெளிவான வெயிலுக்கு இதுதான் ஆரம்ப அளவு. ஃபிலிம் காலத்துல இருந்து வர்ற கணக்கு இது: நல்ல வெயில்னா எஃப் 16, ஷட்டர் ஐஎஸ்ஓவுக்குச் சமம், அதாவது 100க்கு 1/100. ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு, இல்லன்னா பாதி. அதையே துவாரத்தை ஒரு ஸ்டாப் திறந்து, ஷட்டரை ஒரு ஸ்டாப் வேகமாக்கினா எஃப் 11, 1/200. வெள்ளை மணல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறதால நம்ம கடற்கரையில அரை ஸ்டாப், ஒரு ஸ்டாப் கூடவே மூட வேண்டியிருக்கும். நீலம் நல்லா ஆழமா வர்ற வரைக்கும் மூடுங்க. மாடல் வெறும் நிழலுருவமா தெரிவாங்க. தெரியட்டும், பயப்படாதீங்க.

இப்ப சூரியன் மாடலோட தோளுக்குப் பின்னால இருக்கிற மாதிரி அவங்களைத் திருப்புங்க. கண்ணைச் சுருக்க மாட்டாங்க, தலைமுடியில ஒரு ஓரக்கோடு கிடைக்கும். ஃபிளாஷை சாஃப்ட்பாக்ஸ்ல (வெளிச்சத்தை மென்மையாக்கற துணிப்பெட்டி) போட்டு, முகத்துக்கு ஒரு பக்கமா, கண் மட்டத்துக்கு மேல, 45 டிகிரி சாய்வுல வைங்க. பவர் பாதியில ஆரம்பிச்சு முகம் சரியா வர்ற வரைக்கும் ஏத்துங்க, இறக்குங்க. ஷட்டரையும் அப்பர்ச்சரையும் தொடாதீங்க, அது வானத்துக்குன்னு முடிவு பண்ணியாச்சு. தாடைக்குக் கீழ நிழலுக்குத் தனியா ரிஃப்ளெக்டர் தேவைப்படாது, அந்த வேலையை மணலே பண்ணிடும். கரும்புத் தோட்டத்து ஓரத்துல எடுத்தா மட்டும் அதே திருப்பி அடிக்கிற வெளிச்சம் பச்சையா வந்து கழுத்துல உட்காரும். அங்க காலடியில, ஃபிரேமுக்கு வெளியே ஒரு வெள்ளைத் துணி விரிச்சுடுங்க.

சரி, அந்தப் பாதி இருட்டு. ஷட்டர்ல ரெண்டு திரை இருக்கு. முதல் திரை திறந்துட்டே போகும், ரெண்டாவது மூடிட்டே வரும். நிறைய கேமராவுல 1/200 இல்லன்னா 1/250 வரைக்கும்தான் சென்சார் முழுசா திறந்திருக்கிற ஒரு கணம் உண்டு. அந்தக் கணத்துலதான் ஃபிளாஷ் அடிக்கும். அதுக்கு மேல போனா முதல் திரை முடிக்கிறதுக்குள்ள ரெண்டாவது கிளம்பிடும். நீங்க வச்ச 1/500ல சென்சார்ல பாதிக்கும் குறைவான ஒரு சந்துதான் ஒரே நேரத்துல திறந்திருக்கு. ஃபிளாஷ் அடிச்ச நேரத்துல மூடியிருந்த பகுதிக்கு வெயில் வெளிச்சம் மட்டும்தான் கிடைச்சுது. சென்சார்ல பிம்பம் தலைகீழா விழறதால, மேல இருந்து மூடிட்டு வர்ற திரை படத்துல கீழ்ப்பக்கமா தெரியுது. ஃபிளாஷ்ல கோளாறு இல்லை. ஃபிளாஷை அடிக்க வைக்கிற டிரிகர் நல்லதா இருந்தா கேமராவே 1/200க்கு மேல போக விடாது. சாதாரண மானுவல் டிரிகர் போட்டிருந்தா, ஃபிளாஷ் இருக்குன்னே கேமராவுக்குத் தெரியாது, அதான் விட்டுடுச்சு. இன்னொண்ணு, ஃபிளாஷ் அடிக்கவே இல்லைன்னா சைலன்ட் ஷட்டர் ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க. பாதி நேரம் அதுதான் காரணம்.

1/200லயே நின்னா எஃப் 11. எஃப் 11ல பின்னாடி குளிக்கிறவங்க, குடை, படகு எல்லாம் பளிச்சுனு தெரியும். அதுக்காகத்தானே 1/500க்குப் போனீங்க? பின்னணியை மங்கலாக்க எஃப் 4 வேணும்னா ரெண்டு வழி இருக்கு. எந்த வழின்னு உங்க புடவைதான் சொல்லணும்.

ஒரு வழி என்டி ஃபில்டர், லென்ஸ் முன்னாடி மாட்டற கறுப்புக் கண்ணாடி. என்டி 8 மூணு ஸ்டாப் குறைக்கும்: 11, 8, 5.6, 4. ஷட்டர் 1/200லயே இருக்கும், ஃபிளாஷ் முழு பலத்தோட ஒரே அடியா அடிக்கும். இங்க நிறைய பேர் ஒண்ணைத் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. என்டி போட்டா வெயில் மட்டும் குறையும், ஃபிளாஷ் தாராளமா போதும்னு நினைக்கிறாங்க. அந்தக் கண்ணாடி வெயிலையும் குறைக்கும், ஃபிளாஷையும் அதே அளவு குறைக்கும். எஃப் 11ல எவ்வளவு பவர் தேவைப்பட்டுதோ அதே பவர்தான் இங்கயும். லாபம் பின்னணி மங்கலா வர்றது மட்டும்தான். சுத்தற வகை என்டி வேண்டாம், அகல லென்ஸ்ல வானத்துல பெருக்கல் குறி மாதிரி கறை விழும். நிலையான என்டி 8 ஒண்ணு, உங்க லென்ஸ்ல பெரிய விட்டத்துக்கு வாங்கி, மத்ததுக்கு வளையம் போட்டுக்கோங்க.

இன்னொரு வழி எச்எஸ்எஸ், அதாவது ஹை ஸ்பீடு சிங்க். ஃபிளாஷ் ஒரே அடியா அடிக்காம, திரை நகர்ற நேரம் முழுக்க விட்டுவிட்டுப் படபடன்னு துடிக்கும். சந்து எங்க போனாலும் வெளிச்சம் கிடைக்கும், எஃப் 4ல 1/1600 தாராளமா வைக்கலாம். ஆனா ஃபிளாஷ் பலத்துல குறைஞ்சது ரெண்டு ஸ்டாப் போயிடும். ரெண்டு ஸ்டாப்னா நாலுல ஒரு பங்கு. 200 வாட் செகண்ட் (ஃபிளாஷ் பலத்தோட அளவு) ஃபிளாஷ் 50 மாதிரி ஆயிடும்.

அப்படின்னா எப்பவும் என்டிதானேன்னு தோணும். இல்லை. முந்தானை காத்துல பறக்கிற படம் எடுத்துப் பாருங்க. 1/200ல அந்த முந்தானை ஓரம் கரைஞ்சு போகும், ஜரிகைக் கோடு ரெண்டா மூணா தெரியும். வெயில்ல இருக்கிற துணியை ஃபிளாஷ் நிறுத்தி வைக்காது, ஏன்னா அந்தத் துணிமேல விழறதுல பெரும்பங்கு வெயில்தான். பறக்கிற துணிக்கு 1/1000க்கு மேல வேணும், அதுக்கு எச்எஸ்எஸ்தான். நின்னு, உட்கார்ந்து, மடிப்பு தெரியற மாதிரி எடுக்கிற படத்துக்கு என்டி. ஷாட் லிஸ்ட்ல ஒவ்வொரு புடவைக்கும் பக்கத்துல இதை முன்னாடியே எழுதி வச்சுட்டுப் போங்க.

எவ்வளவு பெரிய ஃபிளாஷ்? அது முகமா, முழு உருவமாங்கிறதைப் பொறுத்தது. ஃபிளாஷ் தூரத்தைப் பாதியாக்கினா வெளிச்சம் நாலு மடங்கு. மார்பளவு படத்துக்கு சாஃப்ட்பாக்ஸை ஒரு மீட்டர்ல, ஃபிரேம் ஓரத்தை ஒட்டிக் கொண்டுவந்துடலாம், 200 வாட் செகண்டே வேலை செய்யும். புடவைக் கடைக்காரங்களுக்குக் கொசுவமும் கரையும் கால்வரைக்கும் தெரியணும். முழு உருவம்னா லைட் ரெண்டு மூணு மீட்டர் தள்ளித்தான் நிக்கணும், அங்க நண்பகல் வெயிலோட 200 போட்டி போட முடியாது. 600 வேணும். 200க்கும் 600க்கும் ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம்தான், ஆனா அந்த ஒன்றரைதான் முழு உருவத்தைக் காப்பாத்தும். கோடாக்ஸ் ஏடி600 புரோ மாதிரி பேட்டரி வச்ச லைட் ஒண்ணு எடுங்க. முழு பவர்ல ஒரு நொடிக்குள்ள மறுபடி ரெடியாகும், அதே கம்பெனியோட 200 வாட் செகண்ட் ஏடி200க்கு ரெண்டு நொடி ஆகும். மாடல் நடந்து வரும்போது அந்த ஒரு நொடி வித்தியாசம் பெரிசு. எச்எஸ்எஸ்ல முழு பவர்ல விடாம அடிச்சா சூடேறித் தானா நிறுத்திக்கும். நாலஞ்சு படத்துக்கு ஒருமுறை மூச்சு விட விடுங்க.

வாங்க முடியாட்டி வாடகைக்கு எடுங்க. அதுவும் இல்லன்னா நேரத்தை மாத்துங்க. டிசம்பர்ல நம்ம தீவுல நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலையில, கண்குழியில நிழல் குழிவிழும். ஜூன்ல அதே நண்பகல்ல சூரியன் 46 டிகிரி உயரத்துலதான் நிக்குது, அதுவும் வடக்குப் பக்கம். சென்னையில வேலை பார்த்துட்டு வந்தவங்க இதைத்தான் மறந்துடறாங்க. அங்க டிசம்பர்ல தெற்குல சாஞ்ச வெயில், இங்க ஜூன்ல வடக்குல சாஞ்ச வெயில். ஜூன், ஜூலையில பதினோரு மணி ஷூட் அவ்வளவு மோசமில்லை. ஆனா அப்பத்தான் தென்கிழக்குக் காத்து பலமா வீசும். கிழக்குப் பக்கம் பெல் மார்ல சாஃப்ட்பாக்ஸ் பாய்மரம் மாதிரி ஆயிடும், மேற்கு கொஞ்சம் மறைவு. எங்க போனாலும் ஸ்டாண்டுக்குப் பாரம் வேணும். காலிப் பை நாலு எடுத்துட்டுப் போய் அங்கயே மணலை நிரப்புங்க. உதவியாளர் ஒருத்தர் கை ஸ்டாண்டை விடவே கூடாது.

ஃபிலாவோ மரத்தடி, அதாவது நம்ம சவுக்கு மரத்தடி, நிழல்னு பார்க்க நல்லா இருக்கும். ஆனா ஊசி ஊசியா வெயில் சொட்டி முகத்துல புள்ளி விழும். முகத்துக்கு மேல ஒரு வெள்ளை டிஃப்யூஷன் துணியைப் பிடிச்சாத்தான் அந்த இடம் உபயோகப்படும்.

போலரைசர், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கிற, திருகற ஃபில்டர் பத்தி நீங்க கேட்கலை, ஆனா இந்த ஷூட்டுக்கு அது முக்கியம். கடலோட பச்சை நீலம் அதுலதான் தெளியும். பட்டுல வெளுப்பா படியற பளபளப்பைக் குறைச்சு நிறத்தைக் கொண்டுவரும். ஜரிகை உலோகம், அதோட மினுக்கம் பெரிசா போகாது. நிறம் ஆழமாகி ஜரிகை மட்டும் எடுப்பா நிக்கும், புடவைக்கு இதைவிட என்ன வேணும்? முழுசா மட்டும் திருகாதீங்க. கறுப்பு, மாநிறத் தோல்ல கன்னத்துல விழற அந்தச் சின்ன ஒளிதான் முகத்துக்கு வடிவம். அதையும் துடைச்சுட்டா முகம் மாவு பூசின மாதிரி தட்டையாயிடும். ஒரு ஸ்டாப்புக்கு மேல வெளிச்சம் சாப்பிடும்கிறதையும் கணக்குல வைங்க.

அரக்கு, குங்குமச் சிவப்புப் புடவை இருந்தா சாதாரண ஹிஸ்டோகிராமை (படத்தோட வெளிச்ச அளவைக் காட்டற வரைபடம்) நம்பாதீங்க. மூணு நிறமும் தனித்தனியா காட்டற ஹிஸ்டோகிராமைத் திறந்து வைங்க. மொத்தக் கோடு நடுவுல அமைதியா இருக்கும்போதே சிவப்புக் கோடு வலது ஓரத்துல முட்டிட்டு இருக்கும். முட்டினா அந்த இடத்துல நெசவு தெரியாது, சிவப்பு பெயின்ட் அடிச்ச மாதிரி வரும். அரையிலிருந்து முக்கால் ஸ்டாப் குறைச்சு, ரா ஃபைல்ல (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு) எடுங்க. கடைக்காரங்க திருப்பி அனுப்பற படத்துல நிறைய இதுதான்.

புடவைக் கரை ஈர மணல்ல படக்கூடாது. உப்புத்தண்ணி பட்டுல கறை விடும், ஜரிகையைக் கறுக்க வைக்கும். நடந்து வர்ற இடம் வரைக்கும் கீழ ஒரு விரிப்பு, நின்னதும் உருவிடுங்க.

கடைசியா உப்பு. கடற்கரையில அரை மணி நேரம் நின்னா லென்ஸ் முன்னாடி ஒரு படலம் வந்துடும். படம் பால் கலந்த மாதிரி வெளுத்து வந்தா செட்டிங்கைத் தேடாதீங்க, கண்ணாடியைப் பாருங்க. உலர்ந்த துணியால தேய்க்கக் கூடாது, உப்புக்கல் கோடு போட்டுடும். முதல்ல ஊதி, அப்புறம் லென்ஸ் திரவம் நனைச்ச துணியால ஒத்தி எடுங்க. லென்ஸ் மாத்தறதை மணல்ல வச்சுக்காதீங்க, காருக்குள்ள மாத்துங்க. ஏசி காருல இருந்து வெளியே எடுக்கும்போது பையை மூடியபடியே இருபது முப்பது நிமிஷம் வெளியே வைங்க, இல்லன்னா கண்ணாடியில வேர்த்துடும். வீட்டுக்குப் போன அன்னிக்கு ராத்திரியே நல்ல தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால கேமரா உடம்பு, ஃபிளாஷ், டிரிகர் எல்லாம் துடைச்சு, உடனே உலர்த்துணியால ஒத்துங்க. டிரைபாட், லைட் ஸ்டாண்ட் காலைப் பிரிச்சு நல்ல தண்ணியில அலசி, விரிச்ச நிலையிலயே காய வைங்க. அப்புறம் எல்லாம் டிரை கேபினெட்டுக்குள்ள, ஈரப்பதம் 40ல இருந்து 50 சதவீதம். கியூர்பீப் பக்கம் குடியிருக்கிறவங்க இதுல அசட்டையா இருக்கவே கூடாது. அந்த மேட்டு நிலத்து ஈரத்துக்கு, அலமாரியில பையோட மூடி வச்ச லென்ஸ்ல சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஏறிடும்.