பூங்காவில் குடில் பிடிக்க: பாய் போதுமா, கடிதம் வேண்டுமா?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற பாட்டு நான் போட்டதில்லை. அதோ பாருங்கள், ஆன்ட்டிகள் கூட்டமாக ஏரோபிக்ஸ் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பினாங்கு யூத் பார்க், பெர்சியாரான் குவாரி. கார் நிறுத்த இன்னும் இடம் கிடைக்கிறது என்றால் எவ்வளவு சீக்கிரம் வந்திருக்கிறேன் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்றைக்குப் பேசப் போவது குடில் பற்றி. நான்கு தூண், மேலே ஓட்டுக் கூரை, நடுவில் ஒரு சிமெண்டு மேசை, அவ்வளவுதான். ஆனால் ஒரு பிறந்தநாளுக்கோ குடும்பக் கூடலுக்கோ அதைப் பிடிப்பதற்குள் சில பேருக்குக் கல்யாண மண்டபமே பிடித்துவிடலாம் போலிருக்கிறது. "அக்கா, எங்கே போய் புக் பண்ணுவது?" என்று கேட்டவர்கள் நிறைய பேர். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று தெரிய வேண்டும்: நீங்கள் மனதில் வைத்திருக்கும் பூங்கா யார் கையில் இருக்கிறது?

ஏன் கேட்கிறேன் என்றால், எல்லாப் பூங்காவும் ஒரே அலுவலகத்தின் கீழ் இல்லை. நான் நிற்கிற இந்த யூத் பார்க் பினாங்கு மாநகர் மன்றத்தின் பொறுப்பு, அதாவது எம்பிபிபி. 2015இல் மாநகர் மன்றமாக உயர்ந்தது, ஆனால் என் மாமா இன்றுவரை முனிசிபல் என்றுதான் சொல்வார். அவர்களின் அலுவலகம் ஜார்ஜ் டவுனில் இருக்கும் கொம்தார் கோபுரத்தில். இங்கிருந்து காரில் ஐந்து நிமிடம் போனால் தண்ணீர்மலைப் பக்கம் தாவரவியல் பூங்கா. 1884இல் சார்ல்ஸ் கர்டிஸ் பொறுப்பில் உருவானது. அதை மாநில அரசின் தனி இலாகா பார்த்துக்கொள்கிறது, அலுவலகமும் பூங்காவிலேயே இருக்கிறது. தெலுக் பஹாங் போனால் அருவிக்குளங்கள் இருக்கும் வனப் பூங்கா காட்டு இலாகாவுடையது. அதே தெலுக் பஹாங்கின் கோடியில் இருக்கும் தேசியப் பூங்கா, 2003இல் அறிவிக்கப்பட்டது, அது வனவிலங்கு இலாகா, பெர்ஹிலித்தான். ஆக, பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற இரண்டு பூங்காவுக்கு இரண்டு வெவ்வேறு கௌண்டர். கொம்தாரில் வரிசையில் நின்று தாவரவியல் பூங்காவைக் கேட்டால், அங்கிருப்பவர் பாவம் என்ன செய்வார்?

கோலாலம்பூர் நண்பர்களே, உங்களுக்கும் இதே கதைதான். தித்திவங்சா ஏரி, பெர்டானா தாவரவியல் பூங்கா, நம் பெரியவர்கள் இன்னமும் லேக் கார்டன் என்று சொல்கிற அதேதான், செராஸ் பக்கம் பெர்மைசூரி ஏரி, இவையெல்லாம் டிபிகேஎல், அதாவது கோலாலம்பூர் மாநகராட்சி. கேஎல்சிசி பூங்கா அப்படியில்லை, அந்த வளாகத்துக்கென்று தனி நிர்வாகம். கெப்போங் ஃப்ரிம் வன ஆராய்ச்சிக் கழகத்துடையது, 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது, அங்கே விதிகள் இன்னும் கண்டிப்பு. சரி, நான் பினாங்குக்கே திரும்பி வருகிறேன், எனக்குத் தெரிந்த மண் இது.

அடுத்தது, உங்களுக்கு முன்பதிவு உண்மையிலேயே தேவையா? ஒரு வேனில் அடங்குகிற குடும்பம், பாய், இரண்டு டிபன் கேரியர், ஒரு ஃபிளாஸ்க் தே ஓ என்றால் தேவையே இல்லை. பெரும்பாலான குடில்கள் முதலில் வந்தவருக்கு முதலில். வாருங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள், கிளம்புங்கள். கெனோபி போடப் போகிறீர்களா? ஸ்பீக்கர் உண்டா? கேட்டரிங் லோரி உள்ளே வர வேண்டுமா? பலூன் வளைவு, காற்றடித்த குதிக்கும் வீடு, கம்பெனி ஆட்கள் நாற்பது ஐம்பது பேர்? இவற்றில் ஒன்று இருந்தாலும் கடிதம் எழுதிவிடுங்கள். அப்போது நீங்கள் கேட்பது குடிலை மட்டும் இல்லை, அதைச் சுற்றியிருக்கிற இடத்தையும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விடியற்காலையிலேயே வந்து மேசை மேல் பாயை விரித்து, நான்கு தூணுக்கும் ரிப்பன் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்கள். மத்தியானம் ஒரு மணிக்குத்தான் குடும்பம் வரும். அதுவரை கைக்குழந்தையோடு வருகிற யாரோ ஒருத்தர் வெயிலில் நிற்க வேண்டும், ரிப்பன் மட்டும் நிழலில் இருக்கும். எனக்கு இது பிடிக்கவே பிடிக்காது. ஆள் இருந்தால் இடம், ஆள் இல்லையென்றால் அது பொது இடம். பாட்டியை உட்கார வைத்துவிட்டுப் போனால்கூட ஒரு நியாயம் உண்டு, பாட்டிக்கும் பேச நாலு பேர் கிடைப்பார்கள்.

சரி, கடிதம். பயப்படாதீர்கள், ஒரு பக்கம்தான். மலாயில் எழுதுங்கள், வேலை சீக்கிரம் நடக்கும். தலைப்பில் பெர்மோஹோனான் மெங்குனாக்கான் வக்காஃப், அதாவது குடிலைப் பயன்படுத்த விண்ணப்பம், என்று போட்டு, பூங்காவின் பெயர், எந்தக் குடில், தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன நிகழ்ச்சி, எத்தனை பேர், என்னென்ன பொருள் கொண்டு வருகிறீர்கள் என்று எழுதுங்கள். ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், கைப்பேசி எண், கீழே 'இத்துடன் முடிக்கிறேன், நன்றி' என்பதற்கு செக்கியான் தெரிமா காசே, கையெழுத்து. நேரம் எழுதும்போது கவனம். கேக் வெட்டுகிற நேரத்தை மட்டும் எழுதுகிறார்கள். அலங்காரம் செய்ய இரண்டு மணி நேரம், ஒதுங்க வைத்துக் கூட்ட ஒரு மணி நேரம், அதையும் சேர்த்து எழுதுங்கள். குடிலுக்கு எண் இருந்தால் எண், இல்லையென்றால் படம் எடுத்து, "விளையாட்டுத் திடலுக்குப் பக்கத்தில் இருப்பது" என்று குறித்து இணையுங்கள்.

வாடகை, முன்பணம் என்கிற டெபாசிட், துப்புரவுக் கட்டணம் மூன்றும் வேறு வேறு. கௌண்டரில் மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள், எது திரும்பி வரும் எது வராது என்பதையும் கேளுங்கள். அப்புறம் இதையும் கேளுங்கள்: மின்சாரம் உண்டா? தூணில் பிளக் இருப்பதைப் பார்த்துவிட்டு ரைஸ் குக்கரோடு வந்து நிற்காதீர்கள், அது பூட்டியிருக்கலாம், செத்தும் போயிருக்கலாம். கழிவறை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? சாமான் இறக்கக் கார் எதுவரை வரலாம்? கரி அடுப்புக்கு அனுமதி உண்டா? பூங்கா என்றால் புகை பிடிக்கவும் கூடாது, அதை அங்கிள்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்புறம் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள்.

பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நேரில் வந்து பாருங்கள். நிகழ்ச்சி நடக்கப் போகிற அதே நேரத்தில் வாருங்கள், காலையில் நிழலாக இருக்கும் குடில் நாலு மணிக்கு அடுப்பாகிவிடும். இப்போது கேமராவைத் திருப்புகிறேன், இந்தக் குடிலையே பார்ப்போம். தரையைப் பாருங்கள். கூரை விளிம்புக்கு நேர் கீழே மண்ணில் ஒரு கோடு தெரிகிறதா, சின்னச் சின்னக் குழியாக? மழைத் தண்ணீர் சொட்டிச் சொட்டி விழுந்தது. உணவு மேசை அந்தக் கோட்டுக்கு ஒரு கை உள்ளே இருக்க வேண்டும். இப்போது தூண்களைப் பாருங்கள். இந்த இரண்டும் வெளுப்பாக இருக்கின்றன. அந்தப் பக்கத்து இரண்டிலும் இடுப்பு உயரத்துக்குப் பச்சைப் பாசி. சாரல் அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. கேக், ஸ்பீக்கர், கைக்குழந்தை மூன்றும் இந்தப் பக்கம். இதை எந்தக் கௌண்டரிலும் சொல்ல மாட்டார்கள். மேலே உத்தரத்தில் பாருங்கள், யாரோ ஒட்டிய டேப் பிய்ந்து தொங்குகிறது, ரிப்பன் நுனி, ஆணி. ஆணி அடிக்காதீர்கள். கயிறு கட்டுங்கள், போகும்போது அவிழ்த்துக்கொண்டு போங்கள்.

தேதி. தைப்பூசத்தை ஒட்டி இந்தப் பக்கம் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கெபுன் பூங்கா சாலை முழுக்கத் தண்ணீர்ப் பந்தல், ரதம், காவடி, தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படியும் ஏறப் போகிற ஜனம். கார் நகராது. நீங்களே கோவிலுக்குத்தான் போவீர்கள், பிறகு பிக்னிக் எதற்கு? பள்ளி விடுமுறை என்றால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். செப்டம்பர், அக்டோபர் பினாங்கில் மழை பிய்த்து உதறும். ஜனவரி, பிப்ரவரி நல்ல காய்ந்த மாதங்கள். மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல்தான் இறங்கும், அதனால் என் ஓட்டு எப்போதும் காலைக்கே. எட்டரைக்கு ஆரம்பித்து ஒரு மணிக்குள் முடித்துவிடுங்கள். மைச்சுவாச்சா என்கிற வானிலை ஆப்பை முந்தைய நாள் இரவு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இடி இடிக்க ஆரம்பித்தால் ஒரு விஷயம், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு பக்கமும் திறந்த குடில் மழைக்குக் குடை, மின்னலுக்கு இல்லை. இடிச் சத்தம் கேட்டதுமே பிள்ளைகளைக் காருக்குள் ஏற்றிக் கதவைச் சாத்துங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகு இறங்குங்கள். பிரியாணி ஆறினால் ஆறட்டும்.

பிரியாணி என்றதும் இன்னொன்று. நம் வெயிலுக்குச் சமைத்த சாப்பாட்டை நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், சுகாதார அமைச்சும் அதைத்தான் சொல்கிறது. விடியற்காலை நாலு மணிக்குத் தேங்காய்ப்பால் சேர்த்து சமைத்ததை மத்தியானம் இரண்டு மணிக்குப் பரிமாறாதீர்கள். தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் அவ்வளவு நேரம் தாங்காது.

குரங்கு! வந்துவிட்டது பாருங்கள், சரியான நேரத்தில். அந்தக் குப்பைத் தொட்டி மேல். நீள வால், முகத்தைப் பாருங்கள், ஆளை எடை போடுகிறது. தாவரவியல் பூங்காவில் இதைவிடப் பெரிய கூட்டம் உண்டு. அவற்றுக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாது என்று பலகையே வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பை என்றாலே உள்ளே தீனி என்று இவை படித்து வைத்திருக்கின்றன. சரசரவென்று சத்தம் கேட்டால் போதும். அதனால் எல்லாவற்றையும் மூடி போட்ட பெட்டியில் கொண்டு வாருங்கள், பரிமாறும் வரை காரின் டிக்கியிலேயே இருக்கட்டும். வந்து நின்றால் பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பிள்ளை கையில் இருக்கும் பிஸ்கட்டை நீங்கள் வாங்கி மறைத்துவிடுங்கள். தாவரவியல் பூங்காவில் நாகலிங்க மரமும் நிறைய. பூ வாசனை ஆளைத் தூக்கும், சாமிக்கு எடுத்துப் போகலாம் என்று தோன்றும். ஆனால் அதன் காய் பீரங்கிக் குண்டு கணக்காக இருக்கும், விழுந்தால் மண்டை தாங்காது. நிழல் நன்றாக இருக்கிறதென்று அதன் அடியில் பாயை விரிக்காதீர்கள்.

இனி, கையில் ரசீதோடு வருகிறீர்கள், உங்கள் குடிலில் வேறொரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. இது எங்களுக்கே நடந்தது, எந்தப் பூங்கா என்று வேண்டாம். என் தம்பி ரசீதை நீட்டிக்கொண்டு போலீஸ்காரர் மாதிரி நடந்தான். அவனை நிறுத்திவிட்டு நான் போனேன். வீட்டுப் பெரியவரிடம், "அங்கிள், சாப்பிடுங்கள், அவசரமே இல்லை. பத்து மணிக்கு எங்களுக்கு இந்த இடம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், அதற்குள் முடிந்துவிடுமா?" என்று கேட்டேன். அவர் மணியைப் பார்த்தார், ரசீதைப் பார்க்கவே இல்லை. பத்துக்கு முன்னாலேயே மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள், அந்த ஆன்ட்டி எங்களுக்கு ஒரு தட்டு கறி பப்பும் வைத்துவிட்டுப் போனார். அப்படி மசியாத ஆட்கள் என்றால் சண்டை போடாதீர்கள், பூங்கா காவலரைக் கூப்பிடுங்கள். ரசீது, அனுமதிக் கடிதம் இரண்டையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று நினைத்தால் அன்றைக்குத்தான் பேட்டரி போகும்.

கடைசியாக முன்பணம். வந்ததும் குடிலைச் சுற்றி ஒரு வீடியோ எடுங்கள், உடைந்த ஓடு, கீறல், ஏற்கனவே கிடக்கும் குப்பை எல்லாம் தெரிகிற மாதிரி. போகும்போது அதே கோணத்தில் இன்னொன்று. பலூன் துண்டுகளைப் பொறுக்குவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அது விளையாட்டு. மிட்டாய்த் தாள் வேர்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும், அங்கேயும் பாருங்கள். குப்பைப் பையைக் குரங்கு இழுக்காதபடி மூடியுள்ள தொட்டியில் போடுங்கள், அல்லது காரிலேயே கொண்டு போய்விடுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை விண்ணப்பத்தில் எழுதும்போது ஒவ்வோர் எண்ணாகச் சரிபாருங்கள், பெயர் ஐசியில் இருப்பது போலவே இருக்கட்டும். முன்பணம் கணக்கில் ஏறும் வரை அந்த இரண்டு வீடியோவையும் ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.