அடைப்புக்குள் சீறும் மலை: ரீயூனியன் தீவின் எரிமலை

அவையோர் அனைவர்க்கும் வணக்கம்.

17ஆம் நூற்றாண்டு முதல் இன்றுவரை 150 முறைக்கு மேல் வெடித்திருக்கும் ஒரு மலையைப் பற்றி இன்று பேச வந்துள்ளேன். இந்தியப் பெருங்கடலில், மடகாஸ்கருக்குக் கிழக்கே, பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட ரீயூனியன் தீவின் தென்கிழக்கில் நிற்கும் பிதோன் தெ லா ஃபுர்னேஸ்தான் அந்த மலை. உயரம் 2,632 மீட்டர். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம்மவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அத்தீவில் வாழ்வதால், இம்மலை நமக்கு முற்றிலும் அயலானதன்று.

நிலவியல் உறவோ அதனினும் பழையது. பூமியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் ஒரே இடத்தின்மீது நிலத்தட்டு கோடிக்கணக்கான ஆண்டுகளாக வடக்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் கருநிற எரிமலைப் பாறை அடுக்குகளைக் கொட்டிய அதே வெப்ப ஊற்றுதான், பின்னர் மாலத்தீவுகளுக்கு அடித்தளமிட்டு, மொரீசியசை எழுப்பி, இன்று ரீயூனியனுக்கு அடியில் இருக்கிறது என்பது நிலவியலாளர் பெரும்பாலோரின் கருத்து. தீவின் மூத்த எரிமலையான பிதோன் தெ நேஜ் 3,000 மீட்டரைக் கடந்த உயரத்தில் அணைந்து நிற்க, ஏறத்தாழ ஐந்து லட்சம் ஆண்டு வயதுடைய இளைய மலையே இப்போது சீறுகிறது.

இது கேடய எரிமலை வகையைச் சேர்ந்தது, அதாவது தரையில் கவிழ்த்த கேடயம் போல அகன்று மென்சரிவாக அமைந்தது. குழம்பைக் கெட்டியாக்கும் சிலிக்கா குறைந்த பசால்ட் என்னும் உருகிய பாறைக் குழம்பு 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் இளகி ஓடுவதால், அதிலுள்ள வாயுக்கள் அடைபட்டுப் பெருவெடிப்பாக மாறுவது அரிது. நிலம் பிளந்து, தீ ஊற்றுகள் வரிசையாக எழுந்து, குழம்பு சரிவில் வழிந்தோடும். சில நாட்களிலோ வாரங்களிலோ ஓய்ந்துவிடும். வெடிப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆன்க்ளோ ஃபூக்கே (ஆன்க்ளோ என்றால் அடைப்பு) எனப்படும் பள்ளத்துக்குள்ளேயே நிகழ்கின்றன. மூன்று புறமும் செங்குத்துச் சுவர்கள் சூழ, கிழக்கே கடலை நோக்கித் திறந்திருக்கும் இப்பள்ளத்தில் வீடுகள் இல்லை. அதனால் தீவு மக்களுக்கு வெடிப்பு என்பது பெரும்பாலும் பார்வையாளர் காட்சியாகிவிட்டது. இரவில் வண்டிகள் வரிசையாக மலையேறும். என் கணிப்பில், இம்மலையை அறிந்துகொள்ளத் தடையாக இருப்பதே இந்தப் பழக்கம்தான். 150 வெடிப்புகளுள் நமக்குப் பாடம் தருபவை வழக்கத்தை மீறிய சிலவே.

முதலாவது 1977 ஏப்ரலில் நிகழ்ந்தது. அன்று பள்ளத்துக்கு வெளியே, வடகிழக்குச் சரிவில் நிலம் பிளந்தது. குழம்பு காடுகளைக் கடந்து சாந்த் ரோஸ் வட்டாரத்தின் ஒரு கிராமத்துக்குள் புகுந்து வீடுகளை அழித்தது. சாலையோரத்தில் இருந்த மாதா கோவிலை அடைந்ததும் இருபுறமும் பிரிந்து சுவர்களைச் சூழ்ந்துகொண்டு, முன்வாசலைத் தாண்டிச் சற்றே உள்ளே நுழைந்து உறைந்துபோனது. மக்கள் முன்னதாகவே வெளியேற்றப்பட்டிருந்ததால் உயிரிழப்பு இல்லை. நம்பிக்கையுள்ளோர் அதை அற்புதம் என்றனர். அறிவியலாளர்க்கோ, அவ்வளவு பழகிய மலையைக் கண்காணிக்க அதுவரை ஒரு நிலையம்கூட இல்லை என்பதே உறுத்தியது. அதன் விளைவாகவே தீவின் பூர்க் முரா என்னும் ஊரில் பாரிஸ் புவி இயற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உருவாயிற்று.

1986இல் மீண்டும் பள்ளத்துக்கு வெளியே, இம்முறை தெற்கில் சான் ஃபிலிப் பக்கம் குழம்பு இறங்கிக் கடலோரத்தில் புதுநிலம் சேர்த்தது. 1992 முதல் 1998 வரை நீண்ட அமைதி. அதை முறித்த வெடிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தது.

இவை எல்லாவற்றையும் விஞ்சியது 2007 ஏப்ரல். பள்ளத்துக்குள்ளேதான் என்றாலும், உச்சியிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தள்ளி, 600 மீட்டருக்கும் தாழ்ந்த உயரத்தில் பிளவு திறந்தது. மலையின் அடிவயிற்றில் வழி கிடைத்ததால், உச்சிக்குக் கீழே தேங்கியிருந்த குழம்பு மிக விரைவாக வடிந்தது. தாங்க ஆளின்றிப் போன கூரை இடிந்தது: டோலோமியூ என்னும் உச்சிக் குழியின் தரை 300 மீட்டருக்கு மேல் கீழே இறங்கிற்று. இது ஒரே வீழ்ச்சியன்று. தூண் போன்ற பெரும் பாறைத் தொகுதி சற்று இறங்கி, நின்று, மீண்டும் இறங்கிற்று. ஒவ்வோர் இறக்கமும் நிலநடுக்க வரைவில் தனித்தனியாகப் பதிந்தது. இறக்கங்களின் இடைவெளி போகப் போகக் குறைந்ததைக் கருவிகள் காட்டின. ஒரு எரிமலை உச்சி உள்வாங்குவதை இவ்வளவு நெருக்கமாக அளந்த நேர்வுகள் உலகில் மிகச் சில. குழம்பு கடலோர நெடுஞ்சாலையை மூடிக் கடலில் கலந்தபோது, ஆழ்கடல் மீன்கள் செத்து மேலே மிதந்தன.

அதன்பின் மலை சிறிது ஓய்ந்து, 2014 முதல் மீண்டும் வேகம் கொண்டது. 2015இல் மட்டும் நான்கு வெடிப்புகள். இன்று ஆய்வகம் சிறு நில அதிர்வுகளையும் சரிவுகள் வீங்குவதையும் மண்ணிலிருந்து கசியும் வாயுவையும் இடைவிடாது அளக்கிறது. அதிர்வுகள் திரளத் தொடங்கினால், நிலம் பிளக்கச் சில நேரம் ஒரு மணி நேரம்கூட இருப்பதில்லை. ஆகவே எச்சரிக்கை விடுத்த உடனே நிர்வாகம் பள்ளத்துக்குச் செல்லும் நடைபாதையை மூடுகிறது. பள்ளத்தில் நடந்து செல்வோரைக் காக்க அது போதும். ஊர்களைக் காக்கவோ, அதிர்வுகள் உச்சிக்கடியில் நிற்கின்றனவா, 1977இலும் 1986இலும் போலச் சுவர்களைக் கடந்து சரிவுகளை நோக்கி நகர்கின்றனவா என்பதை அந்தக் குறுகிய அவகாசத்துக்குள் கண்டறிந்தாக வேண்டும்.